நாலாம் நாள் முளைப்பாரி

நாலாம் நாளே செத்திருக்க வேண்டிய பூசணம், ஒன்பதாம் நாளும் உயிரோடு இருந்தது.

உயிரோடு மட்டுமா? ஊறுகாய் ஜாடியின் கண்ணாடிச் சுவரில் பாதி உயரத்துக்கு ஏறி, புதுத் தலையணை மாதிரி புசுபுசுவென்று உட்கார்ந்திருந்தது. கோகிலவாணி ஜாடியைச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே இருந்தது மொட்டை மாடித் தொட்டியில் பிடித்த மழைத்தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் உப்புச்சத்து. சாயம் ஒரு துளி கிடையாது. சாயம் இல்லாத தண்ணீரில் இந்தப் பூஞ்சை நாலு நாளைக்கு மேல் தாங்காது என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தவளே அவள்தான்.

"என்ன சொல்லுது உன்ற புள்ளை?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் மாமியார் சரசாத்தாள். தோசைத் திருப்பி அவள் கையில் தயாராக நின்றது.

"சாக மாட்டேங்குதுங்க அத்தை."

"நல்லதுதானே?"

"நல்லதில்லீங்க. நான் தோத்துட்டேன்னு அர்த்தம்."

கருக்கம்பாளையத்தில் நூற்றறுபது சாயப்பட்டறைகள் இருந்தன. ஆறு வருஷத்துக்கு முன்னால்வரை அத்தனை பட்டறையின் கழிவும் ஓடையில்தான் போனது. இன்றைக்கு நீலம், நாளைக்கு சிவப்பு என்று ஓடை நிறம் மாறும். கோகிலவாணி வளர்த்த பூஞ்சை வந்த பிறகு அந்தக் கழிவெல்லாம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் பூசணப் படுகைகளின் வழியாக ஓடியது. பூஞ்சை சாயத்தைத் தின்றது. வெளியே வந்த தண்ணீரில், நிறத்தை அளக்கும் நிறமானி பூஜ்யம் காட்டியது. தின்னச் சாயம் இல்லாத இடத்தில் பூஞ்சை தானாகச் செத்துப்போகும் என்பதால், அது ஊருக்குள் பரவுமோ என்ற பயமும் இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஓடையின் கீழ்ப்பக்கம் இருக்கும் கீழ்ப்புதூரில், குடிக்கிற கிணறுகளின் படிக்கட்டில் அதே பூசணம் வெள்ளை வெள்ளையாய்ப் படர்ந்தது. அன்றைக்கே பட்டறைச் சங்கத்தார் அவளுடைய ஆய்வகத்தைப் பூட்டிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை என்றார்கள். அதனால்தான் ஊறுகாய் ஜாடி. அதனால்தான் பிரஷர் குக்கரில் கிருமி நீக்கம்.

மாமனார் பழனியப்பன் குளித்து, திருநீறு பூசி, சாப்பாட்டு மேசைக்கு வந்தார். சாயப்பட்டறை உரிமையாளர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். உட்கார்ந்ததும் ஒரு தாளை எடுத்து மருமகளின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நேத்து சங்கத்துல எல்லாருஞ் சேந்து எழுதுனது, அம்மிணி. அவசரமில்ல. புதங்கிழம விசாரணைக் கூட்டத்துல குடுத்தாப் போதும்."

அவள் படித்தாள். 'நான் வடிவமைத்த பூஞ்சையின் மரபணுக் கட்டுப்பாடு இயற்கைச் சூழலில் செயலிழந்துவிட்டது. கீழ்ப்புதூர்க் கிணறுகளில் காணப்படும் வளர்ச்சி, சாயக்கழிவு இருப்பதற்கான அடையாளம் அல்ல.' கீழே அவள் பெயர், அவள் படிப்பு. அதற்கும் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"கையெழுத்துப் போட்டா எனக்கு இனி இந்த வேலை கெடையாதுங்க மாமா."

"வேற வேலை பாத்துக்கலாம். போடலேன்னா நூத்தியறுவது பட்டறைக்கும் சீல். பதினெட்டாயிரம் குடும்பம். நீ நல்லா யோசன பண்ணு." அவர் குரலில் மிரட்டல் இல்லை, அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கல்யாணமான மறுவருஷம், சொந்தக்காரர்கள் எல்லாம் 'விசேஷம் உண்டா' என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, "நீ படிச்சு முடி அம்மிணி, மத்ததெல்லாம் பொறவு பாத்துக்கலாம்" என்று சொல்லி, முனைவர் பட்டத்துக்குச் சேர்த்துவிட்ட மனிதர் இவர்.

சரசாத்தாள் காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிணற்றுப் பக்கம் கை காட்டினார்.

"ஊரே கேன் தண்ணிக்கு மாறிப்போச்சு. நான் மாறல. எங்கப்பன் வெட்டுன கெணத்துத் தண்ணிலதான் இன்னிக்கும் எனக்குக் காப்பி. நான் தண்ணியக் கெடுக்கறவனா இருந்தா இதக் குடிப்பனா? சொல்லு."

கோகிலவாணி ஜாடியைப் பார்த்தாள். ஜாடியும் அவர் பக்கம்தான் பேசியது.

அன்று சாயங்காலம் கணவன் நல்லசிவத்திடம் தாளைக் காட்டினாள். அப்பாவின் பட்டறையைப் பார்த்துக்கொள்பவன் அவன். இரண்டு முறை படித்துவிட்டு மடித்துக் கொடுத்தான்.

"ஜாடி என்ன சொல்லுது?"

"தப்பு என்னுதுன்னு சொல்லுது."

"அப்பப் போடு. ஜாடி சொல்லுச்சுன்னா போடு. எங்கப்பா சொன்னாருன்னு போட்டுறாத, கோகி. போட்டாலும் போடாட்டியும் நான் உன்ற புருசன்தான். அதுல ஒண்ணும் ஆராய்ச்சி பண்ண வேண்டாம்."

அவள் சிரித்தாள். சிரித்ததும் அழுகை வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, காலைப் பூஜை முடிந்த கையோடு, வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் பிளாஸ்டிக் குடம். கீழ்ப்புதூர் வார்டு உறுப்பினர் துளசிமணி என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, யாரும் கூப்பிடும்முன் உள்ளே வந்து, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, குடத்தைக் காலடியில் வைத்தாள்.

"டாக்டரம்மா, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றனுங்க. தப்பு உங்க பூசணத்துலயா, உங்க மாமனார் பட்டறைலயா? ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும். என்ற எருமை ரெண்டு தடவ மாசம் நெறையாமலே கன்னு வீசிருச்சு. பக்கத்தூட்டுப் புள்ளைக்கு ஒடம்பெல்லாம் தடிப்பு. புதங்கிழம கூட்டத்துல நீங்க பூசணத்து மேல பழியப் போட்டா, எங்க கெணத்த இனி ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான்."

கோகிலவாணி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். இவளிடம் மழுப்ப முடியாது என்று தோன்றியது.

"சொல்றனுங்க. எந்த உசுரா இருந்தாலும், அதோட செல்லுக்குள்ள சின்னச் சின்னப் பட்டறைங்க இருக்கு. ரைபோசோம்னு பேரு. ஒடம்புக்கு வேண்டிய புரதத்த எல்லாம் அதுதான் செய்யும். அந்தப் பட்டறை இல்லைன்னா உசுரு இல்லை."

"செரி."

"அந்தப் பட்டறையக் கட்டறதுக்கு டி.என்.ஏ.ல ஒரு வரைபடம் இருக்கு. அதுக்கு முன்னால கொஞ்சம் எழுத்து, சுவிட்சு மாதிரி. சுவிட்சு விழுந்தாத்தான் வரைபடத்தப் படிக்க முடியும். இந்தப் பூஞ்சைல ஒரே வரைபடம் நூத்தியெம்பது தடவ வரிசையா நிக்குது."

"எதுக்கு அத்தன?"

"பட்டறை லட்சக்கணக்குல வேணுமில்லீங்களா? ஒரு படத்த வெச்சுக் கட்டுனா என்னைக்குக் கட்டி முடிக்கறது? நான் அந்தச் சுவிட்சை மாத்தி வெச்சேன். சாயம் வந்து தொட்டாத்தான் விழும். சாயம் தீந்துபோனா புதுசாப் பட்டறை எழும்பாது. இருக்கறது நாலு நாள் ஓடித் தேஞ்சுபோகும். அதோட பூஞ்சை கதை முடிஞ்சுது."

துளசிமணி யோசித்தாள். "நூத்தியெம்பதுல ஒண்ணு மாத்தாம விட்டுப்போயிருந்தா?"

பூஞ்சைக்கு அனுமதி தந்த ஆய்வுக்குழுவில் ஒருவர்கூட இவ்வளவு சீக்கிரம் இந்தக் கேள்விக்கு வந்ததில்லை.

"அதுதாங்க என் பயமே. ஒண்ணு போதும். இருக்கற ஒண்ணப் பத்தாக்கி, பத்த நூறாக்கிக்கற தெறமை இதுக்கு உண்டு. அப்பிடித்தான் ஆயிப்போச்சு போல. பாருங்க."

ஜாடியைக் கொண்டுவந்து காட்டினாள். துளசிமணி வாங்கினாள், ஆனால் பூசணத்தைப் பார்க்கவில்லை. ஜாடியின் வாயில் கட்டியிருந்த துணியை விரலால் நிமிண்டிப் பார்த்தாள்.

"இதென்ன துணிங்?"

"பனியன் துண்டு," என்றாள் மோர் கொண்டுவந்த சரசாத்தாள். அந்த ஊரில் காபி வடிகட்டுவதிலிருந்து கார் துடைப்பதுவரை எல்லாவற்றுக்கும் பனியன் தைத்து மிஞ்சிய துண்டுதான். வீட்டுக்கு வீடு ஒரு மூட்டை கிடக்கும். "நாந்தான் குடுத்தேன். ஏற்றுமதித் துணி. பாலாட்ட வெள்ளை. ஜாடியோட சேத்துக் குக்கர்ல வெச்சு அஞ்சாறு விசில் விட்டோம், சுத்தமா இருக்கட்டும்னு."

துளசிமணி சிரிக்க ஆரம்பித்தாள். மோர் டம்ளர் ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள்.

"சாயப்பட்டறைக்காரங்க ஊட்டுல என்னையச் சொல்லித்தர வெக்கிறீங்களே! நான் பதினோரு வருசம் துணி வெளுக்கற தொட்டில நின்னவளுங்க. பருத்தி என்னைக்குங்க பாலாட்ட வந்துச்சு? அது பழுப்பாத்தான் வரும். ப்ளீச் அடிச்சு, அதுக்கு மேல வெளுப்பு மருந்து ஏத்தோணும். கறுப்பு, செவப்பு எப்படியோ அப்படி வெள்ளையும் ஒரு சாயந்தான். பாத்தாத் தெரியாது. அவ்வளவுதான்."



கோகிலவாணி ஜாடியைத் திரும்ப வாங்கித் துணியைப் பார்த்தாள். அஞ்சாறு விசில். அத்தனை விசிலுக்கும் துணியின் வழியாகப் போன ஆவி, துணியிலேயே குளிர்ந்து, வெளுப்பு மருந்தைச் சுமந்துகொண்டு சொட்டுச் சொட்டாய் மழைத்தண்ணீரில் விழுந்திருக்கிறது. ஒன்பது நாளும் பூசணத்துக்கு அவளே சோறு போட்டிருக்கிறாள். வேறு எந்த ஊரிலாவது பஞ்சை வைத்து அடைத்திருப்பாள். இந்த ஊர்க்காரி என்பதால் பனியன் துண்டு.

"அத்தை," என்றாள் மெதுவாக. "கண்ணுக்குத் தெரியாத சாயத்தையும் இது கண்டுபிடிச்சிருக்குதுங்க."

"அப்ப எங்க கெணத்துல?" என்றாள் துளசிமணி. சிரிப்பு போயிருந்தது.

"உங்க கெணத்துத் தண்ணி எந்த நெறம்?"

"பளிங்காட்ட இருக்குது. இருக்காம என்ன? போன வருசத்துல இருந்து எல்லாப் பட்டறைலயும் ஹைட்ரோஸ் பொடியக் கொட்டித்தான ஓடைக்குப் போற பைப்புல விடறாங்க! ஆர்டர் சாஸ்தி, பூசணப் படுகைல ஊறவெக்க நேரமில்ல. ஹைட்ரோஸ் கொட்டுனா அஞ்சு நிமிசத்துல நெறம் ஓடிப்போகும். வேலைக்கு வர்ற எல்லாத்துக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது. அவள் நிறமானியின் பூஜ்யத்தை மட்டும் இரண்டு வருஷமாகக் கணினித் திரையில் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். ஹைட்ரோஸ் நிறத்தைத்தான் உடைக்கும்; அந்த நிறத்தைத் தாங்கி நின்ற எலும்பு, சாயத்தின் வேதிக் கட்டமைப்பு, தண்ணீரிலேயே கிடக்கும். நிறமானிக்கு எலும்பு தெரியாது. பூசணத்துக்குத் தெரியும். அவள் வைத்த சுவிட்சு அந்த எலும்பைத் தொட்டுத்தான் விழும்.

அன்று மதியம் மாமனார் சாப்பிட வந்ததும் தாளை அவர் முன்னால் வைத்தாள். கோடு காலியாக இருந்தது.

"நான் போடலீங்க மாமா."

"ஜாடியே உன்ற தப்புன்னு சொல்லுச்சாமே?"

"ஜாடி பேசறதுக்கு முன்னாலயே நான் அது வாயில துணியக் கட்டிட்டேன். ஹைட்ரோஸ் கொட்டறது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நெறம் போனா சாயம் போச்சு. எங்கப்பன் காலத்துல இருந்து அப்பிடித்தான்," என்றார்.

"போகலீங்க மாமா."

"நீ சொன்னா ஆச்சா? ஆய்வகத்தப் பூட்டியாச்சு. ஒரு ஊறுகாய் ஜாடியத் தூக்கிட்டுப் போயி அதிகாரி முன்னால வெப்பியா? சங்கத்துல வெளிநாட்டு நிபுணரக் கூட்டியாறாங்க. ஒரு ஜாடிய எவன் நம்புவான்?"

"நம்ப வெக்கறேனுங்க."

"என்ற வீட்டுல இருந்துட்டு?"

 அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. "நீங்க படிக்க வெச்ச படிப்பு இது. எங்க இருந்தாலும் இதைத்தான் சொல்லுவேன். போகச் சொன்னீங்கன்னாப் போயிர்றேனுங்க."

சரசாத்தாள் கணவனின் தட்டில் ரசம் ஊற்றினாள். "யாரும் எங்கயும் போகலீங். சாப்புடுங்க," என்றாள்.

சனிக்கிழமை விடிந்ததும் கோகிலவாணி கீழ்ப்புதூருக்குப் போனாள். ஒரு ஜாடியை யாரும் நம்ப மாட்டார்கள் என்று மாமனார் சொன்னதைச் சொன்னாள். மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் கூடியிருந்த பெண்கள் அவளை அவ்வளவு அன்பாகப் பார்க்கவில்லை. துளசிமணிதான் பேசினாள்.

"ஒரு ஜாடி பத்தாதா? நாப்பத்திரண்டு ஊடு இருக்குது. அம்மன் நோம்பிக்கு முளைப்பாரி போடறாப்ல ஊட்டுக்கு ஊடு போட்டுருவோம். நாலு நாள்தான? நமக்குத் தெரியாத வேலையா?"

"முளைப்பாரி முளைக்கோணும்னு சாமி கும்புடுவோம். இது முளைக்கக்கூடாதுன்னு கும்புடோணுமா?" என்று ஒருத்தி கேட்டாள். சிரிப்பு எழுந்தது. அதற்குப் பிறகு பேச்சு இலகுவாகிவிட்டது.

வீட்டுக்கு இரண்டு மண்சட்டி. ஒன்றில் அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் மழைத்தண்ணீர். மழைச்சட்டி எதற்கு என்று கேட்டவர்களுக்குக் கோகிலவாணி ஒளிக்காமல் சொன்னாள்: "சுவிட்சு என்னைக்காச்சும் கெட்டுப்போகலாமுங்க. கெட்டிருந்தா மழைச்சட்டிலயும் பொழைக்கும். அப்பத் தப்பு என்னுது. மழைச்சட்டில செத்து, கெணத்துச் சட்டில மட்டும் பொழச்சா, அது கெணத்தோட கதை."

முளைப்பாரி விதிகள் அப்படியே இருந்தன. குளித்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். இருட்டறையில் வைக்க வேண்டும். ஆண்கள் எட்டிப் பார்க்கக் கூடாது. ஊற்றுகிறவள் பொய் பேசக் கூடாது. கோகிலவாணி ஒரு விதியைத்தான் கூடச் சேர்த்தாள். எந்தச் சட்டியையும் துணி போட்டு மூடக் கூடாது. பூவரச இலையால் மூடலாம்.

மழைத்தண்ணீரைக் கொண்டுவந்தவன் நல்லசிவம். மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக் கூரைத்தொட்டியிலிருந்து, பன்னிரண்டு மைல் தூரம், பட்டறையின் டெம்போவிலேயே ஏற்றி வந்தான். குயவர் சூளையிலிருந்து புதுச் சட்டிகளையும் அவனே இறக்கினான். "உங்கப்பா கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று அவள் கேட்டதற்கு, "முளைப்பாரிக்குத் தண்ணி கொண்டாரவனும் பொய் சொல்லக்கூடாதாமா?" என்றான்.

கூடுதலாக வாங்கியதில் ஒரு ஜோடி சட்டியும், விதைப் பூசணம் கொஞ்சமும் மிச்சம் இருந்தன. அவற்றை வீட்டுத் தோட்டத்தில் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது காணோம். பூனை தட்டி உடைத்திருக்கும், வேலைக்காரம்மா கூட்டித் தள்ளியிருப்பார் என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை, கருத்துக் கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் பழனியப்பனும் சங்கத்தாரும். அவர்களுடைய நிபுணர் நிறமானியைக் கொண்டுவந்து, கீழ்ப்புதூர்த் தண்ணீரை அதில் ஊற்றினார். திரையில் பூஜ்யம் தெரிந்தது. கைத்தட்டல்.

"பூஞ்சையை வடிவமைத்தவர் தம் தவற்றை ஒப்புக்கொண்டு அறிக்கை தருவதாகச் சங்கம் எழுதியிருக்கிறது," என்றார் அதிகாரி. "கொடுக்கிறீர்களா?"

கோகிலவாணி எழுந்தாள். "குடுக்கறேனுங்க சார். தாளுல இல்லீங்க."

மண்டபத்து வாசலில் குலவைச் சத்தம் கேட்டது.

நாற்பத்திரண்டு பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருத்தி தலையிலும் ஒரு சட்டி, இடுப்பில் ஒரு சட்டி. துளசிமணி முன்னால் வந்தாள். சங்கத்தார் இரண்டு பேர் எழுந்து மறித்தார்கள்.

"கூட்டத்துக்குள்ள என்ன இது கோயில் வேலை?"

"முளைப்பாரிக்குக் குறுக்க நின்னா ஆகாதுங்ணா, நவுருங்க," என்றாள் துளசிமணி. அவர்கள் நகர்ந்துவிட்டார்கள். பழக்கம், கால்கள் தாமாகவே நகர்ந்தன.

மேடைக்குக் கீழே சட்டிகளை ஜோடி ஜோடியாக இறக்கினார்கள். பூவரச இலைகளை எடுத்தார்கள். அதிகாரி இறங்கி வந்து குனிந்து பார்த்தார். மழைச்சட்டிகளில் பூசணம் பழுப்பாகி, வழவழத்து, அடியில் படிந்து கிடந்தது. நாற்பத்திரண்டிலும் அப்படித்தான். பெண்கள் ஒவ்வொரு மழைச்சட்டிக்கும் குலவையிட்டார்கள். முளைக்காததற்காக இட்ட குலவையை அந்த மண்டபம் அன்றுதான் கேட்டது. கிணற்றுச் சட்டிகள் முப்பத்தொன்பதில் வெள்ளை நுரை மாதிரி பொங்கி நின்றது.

"மூணு கெணறு தப்பிச்சிருச்சுங்க," என்றாள் துளசிமணி. "மேட்டுக்காட்டுக் கெணறுக. ஓடைத்தண்ணி அங்க ஏறாது."

நிபுணர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அதிகாரி கோகிலவாணியிடம் திரும்பினார். "உங்கள் சுவிட்சு ஒருநாளும் கெடாது என்று சத்தியம் செய்ய முடியுமா?"

"முடியாதுங்க சார். ஒருநாள் கெடும். அதுக்குத்தான் பக்கத்துல மழைச்சட்டி. என்னைய நம்ப வேண்டாம், இதையும் நம்ப வேண்டாம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. அந்த மெசினு நெறத்தப் பாக்குது. பூசணம் தண்ணியப் பாக்குது."

"பொம்பளைங்க வெளையாட்டு!" என்று சங்கத்திலிருந்து ஒருவர் கத்தினார். "சட்டில எதையாவது கலந்திருப்பாங்க. கீழ்ப்புதூர்க்காரிக பேச்சக் கேட்டு…"

"நான் கீழ்ப்புதூர் இல்லீங்களே."

கடைசி வரிசையிலிருந்து வந்தது அந்தக் குரல். கோகிலவாணி திரும்பினாள். சரசாத்தாள், அரக்குப் பட்டுப்புடவை கட்டி, தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகச் சட்டிகளோடு நடந்து வந்தாள். நாற்பது வருஷத் தாம்பத்தியத்தில் சங்கத்துக் கூட்டம் எதற்கும் அவள் வந்ததில்லை. நேராகக் கணவன் முன்னால் போய், மேசை மேல் இரண்டையும் வைத்து, இலையை எடுத்தாள். ஒன்றில் பழுப்பு. ஒன்றில் விளிம்பு வழிய வெள்ளை.

"இது யாரு ஊட்டுத் தண்ணி?" என்றார் பழனியப்பன்.

"உங்க காப்பித் தண்ணிங்."

 அவர் சட்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி சட்டியைப் பார்த்தார்.

"மூடு," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"எதுலங் மூடறது? துணிலயா?"

அதிகாரி அன்றே உத்தரவு எழுதினார். மறு சோதனை முடியும்வரை எல்லாப் பட்டறைகளின் வெளிக்குழாய்களுக்கும் சீல். கீழ்ப்புதூருக்குத் தினமும் லாரித் தண்ணீர். கோகிலவாணியின் ஆய்வு உரிமமும் நிறுத்தி வைக்கப்பட்டது. படுகைகளை நேரில் கண்காணிக்காமல் திரையை மட்டும் நம்பியதற்காக. அவள் மறுத்துப் பேசவில்லை. அது அவள் தவறுதான்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் லேசாக இல்லை. வேலையில்லாத ஊரில் தெருவுக்குத் தெரு ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவள் நடந்துபோனால் பேச்சு நின்றது. மளிகைக் கடையில் ஒரு பெண், "உங்களுக்குப் படிப்பு இருக்குது, சாப்பாடும் இருக்குது. எங்களுக்கு?" என்று நேருக்கு நேர் கேட்டாள். கோகிலவாணி வீட்டுக்கு வந்து நல்லசிவத்தின் தோளில் சாய்ந்துகொண்டாள். "திரும்பவும் முதல்ல இருந்து வந்தா, கையெழுத்துப் போட்டுக் குடுப்பியா?" என்று அவன் கேட்டான். "மாட்டேன்," என்றாள், தலையை நிமிர்த்தாமலே.

மாமனார் அவளிடம் பேசவே இல்லை. காபியையும் விட்டுவிட்டார். காலையில் போனால் மாலையில்தான் வருவார். எங்கே போகிறார் என்று சரசாத்தாள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆறாவது வாரம். நாலைந்து நாளாகப் பின்கட்டுப் பக்கம் போகாத கோகிலவாணி, காலையில் துணி உலர்த்த அங்கே போனாள். கிணற்றடியில் இரண்டு மண்சட்டிகள் இருந்தன. அவள் வைத்தவை அல்ல. ஒன்றின் மேல் சாக்பீஸால் 'மழை' என்று எழுதியிருந்தது, இன்னொன்றின் மேல் 'நம்ம பட்டறை' என்று. மாமனாரின் சாய்ந்த கையெழுத்து. பக்கத்தில் நாற்காலி போட்டு அவரே உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு தென்னை ஈர்க்குக் கட்டு. வேப்பமரத்துக் காக்கை ஒன்று தாழ்ந்து வந்தபோது அதை வீசி விரட்டினார்.

"ஹைட்ரோஸ நிறுத்தியாச்சு," என்றார், அவளைப் பார்க்காமல். "ஒரு பேட்ச்சு மட்டும் ஓட்ட அதிகாரிகிட்ட அனுமதி வாங்குனேன். பூசணப் படுகைல ஒன்பது நாள் ஊறவெச்சு எடுத்த தண்ணி அது. நல்லசிவந்தான் கூட நின்னான். இன்னைக்கு எத்தனாவது நாள், அம்மிணி?"

ஆறு வாரமாகக் கேட்காத சொல் அந்த 'அம்மிணி'.

"என்னைக்கு வெச்சீங்க மாமா?"

"சனிக்கிழம."

"அப்ப இன்னைக்கு நாலாம் நாளுங்க."

அவள் மழைச்சட்டியின் இலையை எடுத்தாள். பழுப்பு. பட்டறைச் சட்டியின் இலையை எடுத்தாள். ஓரமாக, விரல்நகம் அளவுக்கு, மெல்லிய வெள்ளை இன்னும் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றது. முன்பு இருந்ததில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. மாமனார் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். சங்கத்துத் தலைவராக அல்ல, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவரைப் போல.

"கொஞ்சந்தான இருக்குது?"

"கொஞ்சம் இருக்குதுங்க."

"தண்ணி சுத்தம்னு கையெழுத்துப் போடுவியா?"

அவளுக்கு அவர்மேல் அன்பு பொங்கி வந்தது. ஊரில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த ஆட்களின் முகங்களும் வந்தன. துளசிமணியின் எருமையும் வந்தது.

"செத்தாத்தானுங்க மாமா."

அவர் அவளையே பார்த்தார். பிறகு எழுந்து, சட்டியை எடுத்து, தண்ணீரை வாழைப்பாத்தியில் ஊற்றப் போனவர் நின்று, மறுபடி பட்டறைக்கே கொண்டுபோவதற்காக ஒரு கேனில் கவிழ்த்தார்.

"அப்பப் பன்னண்டு நாள் ஊற வெப்போம்," என்றார். "சரசு, காப்பி வேண்டாம். மோரு குடு, போகோணும்."

அவர் போன பிறகுதான் கோகிலவாணி கவனித்தாள். நாற்காலிக்குக் கீழே நாலு நாள் செய்தித்தாள், ஒரு குடை, தண்ணீர் செம்பு. சட்டிகளுக்குப் பக்கத்தில், எட்டுகிற தூரத்திலேயே, பனியன் துண்டு மூட்டை கிடந்தது. காக்கைக்கு மறைப்பாக ஒரு துண்டை எடுத்து மூடியிருந்தால் அவர் வீட்டுக்குள் போய் நிம்மதியாகப் படுத்திருக்கலாம்.

மூட்டையின் கட்டு அவிழ்க்கப்படவே இல்லை.